மலையில் பகுதி நேர டிரைவர்: தேதி மோதாமல் பார்த்துக்கொள்வது எப்படி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ புதிதாகக் குடிவந்தவர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே ஒன்று விளங்கிவிடும். வாசலில் கார் நின்றால் மட்டும் போதாது. அதை மேட்டுப்பாளையம் வரை இறக்கி, இருட்டுவதற்குள் பத்திரமாக ஏற்றிக்கொண்டு வர ஆள் வேண்டும். கீழே பல வருடம் கார் ஓட்டியவர்கள்கூட, மூடுபனிக்குள் பர்லியாறு வளைவில் எதிரே லாரி வரும்போது தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. முழுநேர டிரைவர் வைக்கிற அளவுக்கு வேலை இருக்காது, ஓய்வூதியமும் இடம் கொடுக்காது. கடைசியில் பெரும்பாலோர் ஆக்டிங் டிரைவரிடம்தான் வருகிறார்கள். கூப்பிட்ட நாளுக்கு வருவார், நம் காரை ஓட்டுவார், அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போவார்.

நாம் கூப்பிடாத நாட்களில் அவர் சும்மா இருப்பதில்லை. ஸ்டாண்டில் சொந்த டாக்ஸி ஓட்டுவார், அல்லது வேறு இரண்டு குடும்பங்களுக்கு ஓட்டுவார், அரை ஏக்கர் தேயிலையும் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு விமான நிலையம் போகவேண்டிய அதே விடியற்காலையில் இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி போகவேண்டியிருக்கும். இந்த மோதலை முழுக்க ஒழிக்க முடியாது. ஆனால் பெரும்பாலானதை முன்கூட்டியே தவிர்க்கலாம். அதற்கு நான் பார்த்தவரை ஒரே வழி, அவருடைய நாட்களும் நம்முடைய நாட்களும் ஒரே காலண்டரில் எழுதப்பட்டிருப்பது.

முதல் வேலை: அவருடைய வருடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பேசி முடிக்கும் முதல் நாளே காலண்டரை எடுத்து நடுவில் வையுங்கள். மளிகைக் கடையில் தருகிற மாதக் காலண்டர் போதும். "எந்தெந்த நாள் உங்களால வர முடியாது?" என்று முதலில் அவரைக் கேளுங்கள். உங்கள் தேதிகளைப் பிறகு சொல்லலாம். இந்த வரிசை முக்கியம். நாம் முதலில் சொன்னால் அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றுதான் சொல்வார். வேலை கொடுக்கிறவரிடம் முதல் நாளே முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

நீலகிரியில் எந்த டிரைவரிடம் கேட்டாலும் சில காலங்கள் திரும்பத் திரும்ப வரும். ஏப்ரலும் மேயும் சீசன். ஊட்டி மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். டாக்ஸி ஓட்டுபவருக்கு வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு அந்த இரண்டு மாதத்தில்தான். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் வண்டி கழுவுவது முதல் மறுநாள் எலுமிச்சம்பழம் நசுக்குவது வரை அவர் தன் வண்டியோடுதான் இருப்பார். கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை மாதம் மகரவிளக்கு வரை சபரிமலை டிரிப். பம்பைக்குப் போய் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அவரே மாலை போட்டிருந்தால் அந்தக் கணக்கு தனி.

படுகர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால், டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பா வரும். பேரகணிக்கு வெள்ளை உடுத்தி நடந்து போகிற நாட்களில் அவரை ஸ்டியரிங்குக்குக் கூப்பிடாதீர்கள். அவர் ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு சாவு விழுந்தாலும் ஊரே கூடும். அன்று அவர் வரமாட்டார், வரச் சொல்வதும் முறையல்ல. டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பிலிருந்து வருபவருக்கு லயத்து மாரியம்மன் திருவிழா, தேவாலயம் போகிறவருக்குக் கிறிஸ்துமஸ் வாரம். தேயிலை வைத்திருப்பவருக்குக் கொழுந்து எடுக்கிற நாள். மழை பெய்து துளிர் பொங்கும் மாதங்களில் பறிப்பைத் தள்ளிப்போட்டால் இலை முற்றிவிடும், விலை கிடைக்காது. ஊட்டி, குன்னூர் விடுதிப் பள்ளிகள் திறக்கும் நாளும் மூடும் நாளும் இன்னொரு பெரிய விஷயம். பிள்ளைகளை அழைத்துவரும் டிரிப்புகளை வெளியூர்ப் பெற்றோர் வருடா வருடம் ஒரே டிரைவரிடம் கொடுத்துவைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல அவர் முன்னாலேயே எழுதுங்கள். எழுதியதை அவரும் தன் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

உங்கள் தேதிகளைப் பிரியுங்கள்

இப்போது உங்கள் பக்கம். மாற்ற முடியாத தேதிகளைச் சிவப்பு மையில் எழுதுங்கள்: விமானம், அறுவை சிகிச்சை, கல்யாண முகூர்த்தம், நீதிமன்ற வாய்தா. மற்றதெல்லாம் நீலம்: கண் பரிசோதனை, வங்கி வேலை, துணிக்கடை, உறவினர் வீடு. சிவப்பு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எல்லாமே அவசரம் என்று சொல்லிப் பழகினால் உண்மையான அவசரத்துக்கு மதிப்பு இருக்காது.

நீலத் தேதிகளைச் செவ்வாய், புதன், வியாழனுக்குத் தள்ளுங்கள். அந்த நாட்களில் ஸ்டாண்டில் சவாரி குறைவு, மலைப்பாதையிலும் நெரிசல் குறைவு. கோவையில் மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதே வாரத்தின் நடு நாளையும், முற்பகல் பதினோரு மணிக்கு மேலும் கேளுங்கள். மலையிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சனி, ஞாயிறு அவர் சம்பாதிக்கிற நாள். அதை அவரிடமே விட்டுவிடுவது நல்ல உறவுக்கு அடிப்படை.

முடிந்தால் வாரத்தில் ஒரு நாளை நிரந்தரமாகப் பேசிவிடுங்கள். உதாரணத்துக்கு, ஒவ்வொரு புதன்கிழமையும் உங்களுடையது. மாதத்தில் நான்கு நாள் வரும். உங்களுக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நான்கு நாள் கூலியைக் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், அவர் அந்த நாளை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். வேலை இல்லாத புதனில் காரைக் கழுவி, காற்று பார்த்து, சர்வீசுக்கு விட்டு எடுத்து வரலாம். முழு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

ஒரு டிரிப் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சரியாகக் கணக்கிடுங்கள்

மோதல்களில் பாதி தேதியால் வருவதில்லை, மணிக்கணக்குத் தப்புவதால் வருகிறது. புதிதாக வந்தவர்கள் போனில் வரைபடம் காட்டுகிற நேரத்தை நம்பி, "ஒரு மணிக்குத் திரும்பிடலாம் தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி அவர் இரண்டு மணிக்கு ஊட்டியில் ஒரு சவாரி ஒப்புக்கொண்டிருப்பார்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 34 கிலோமீட்டர், பதினான்கு கொண்டை ஊசி வளைவு. சாதாரண நாளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கிருந்து கோவை வரை இன்னும் 35 கிலோமீட்டர்தான் என்றாலும் பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் நெரிசலில் அதற்கும் ஒரு மணி நேரம் போய்விடும். பீளமேட்டு விமான நிலையத்துக்கு அன்னூர் வழியாகப் போனால் நகர நெரிசல் மிச்சம். உங்கள் டிரைவருக்கு இது தெரிந்திருக்கும், அவர் சொல்லும் வழியிலேயே போக விடுங்கள். சீசனில் போக்குவரத்தை ஒருவழியாக்கி, ஊட்டிக்கு ஏறுவது குன்னூர் வழியாக, இறங்குவது கோத்தகிரி வழியாக என்று மாற்றுவது வழக்கம். அப்போது குன்னூர்க்காரருக்குக் கீழே இறங்குவதே சுற்றுவழி ஆகிவிடும். மழைக்காலத்தில் மரம் விழும், மண் சரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்தக் கோவைப் பயணத்துக்கும் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

விடியற்காலையும் இரவும் தனிக் கணக்கு. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் மேட்டுப்பாளையம் வந்து நிற்கும். அதில் வருகிறவரை அழைத்துவர டிரைவர் இருட்டோடு கிளம்பவேண்டும். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனை, கல்லாறு, பர்லியாறு பக்கம் யானைகள் சாலையிலேயே நிற்கும். அவை நகரும்வரை வண்டியை அணைக்காமல் தூரத்தில் நிறுத்திக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை எந்த மாதமும் குறுக்கே வரும். ரயிலில் வருகிறவர் பேருந்தில் தானே ஏறி இறங்கக்கூடியவராக இருந்தால் காலைப் பேருந்தில் வரச் சொல்லிவிடுவது பல நேரம் எல்லோருக்கும் நல்லது.

மைசூரு, பெங்களூரு பயணத்துக்கு ஒரு கட்டாயக் கடிகாரம் இருக்கிறது. பந்திப்பூர் வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள். 2009 முதல் இதுதான் நிலை. மைசூருவில் மாலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் கேட் மூடியிருக்கும், இரவு குண்டல்பேட்டையில் தங்கவேண்டும், மறுநாள் காலை குன்னூரில் அவருக்காகக் காத்திருக்கிற இன்னொரு குடும்பம் தெருவில் நிற்கும். அந்தப் பக்கம் போகிற நாளுக்கு மறுநாள் முற்பகலையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு, அதற்கும் சேர்த்துப் பேசுங்கள்.

பணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள்

தொகை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஸ்டாண்டில் இரண்டு பேரைக் கேட்டால் நடப்பு விலை தெரிந்துவிடும். பேசவேண்டியவை இவை: முழு நாள் எத்தனை மணி வரை, அரை நாள் எத்தனை மணி வரை, அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு, சாப்பாட்டு பேட்டா, இரவு தங்கினால் பேட்டாவும் படுக்க இடமும். டீசல், பார்க்கிங், சுங்கம் எல்லாம் உங்களுடையது.

புதியவர்கள் விட்டுவிடுவது ரத்துக் கணக்கு. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல் நீங்கள் டிரிப்பை ரத்து செய்தால் முழுக் கூலி கொடுக்கவேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். உங்களுக்காக அவர் வேறு சவாரியை விட்டிருப்பார். அதே ஆறு மணி அவருக்கும் பொருந்தும்: வர முடியாவிட்டால் அதற்குள் சொல்லவேண்டும், சிவப்புத் தேதியானால் மாற்று ஆளையும் அவரே சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே விதி இருந்தால் யாரும் யாரிடமும் கெஞ்சவேண்டியதில்லை.

ஒவ்வொரு டிரிப்புக்கும் எழுத்தில் உறுதி

வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. பாதி கேட்டும் பாதி கேட்காமலும் பேசிய போன் பேச்சை நம்பி நாள் குறிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சின்னதாக ஒரு செய்தி போதும்:

"தம்பி, 14 வியாழன் கோவை ஏர்போர்ட். வீட்டிலிருந்து காலை 4.30. திரும்ப மதியம் 2 ஆகும். இது மாத்த முடியாத தேதி. தேதியும் நேரமும் திருப்பி அனுப்புங்க."

அவர் தட்டச்சு செய்து அனுப்பவேண்டும், அல்லது குரல் செய்தியில் சொல்லவேண்டும். கட்டைவிரல் படம் மட்டும் வந்தால் விடாமல் மறுபடி கேளுங்கள். கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்; ஒன்று தவறாக இருந்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு இன்னொரு முறை நினைவூட்டுங்கள். ஆறு மணிக் கெடுவுக்கு முன் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

மோதல் வந்துவிட்டால்

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு நாள் போன் வரும்.

"சார், 14ஆம் தேதி ஒரு சங்கடங்க. லவ்டேல் ஸ்கூல்ல பிள்ளைகளை அன்னிக்கே விடறாங்களாம். அவங்க போன வருசமே சொல்லி வெச்சதுங்க."

இந்த நேரத்தில் "அதெல்லாம் எனக்குத் தெரியாது, வரேன்னு சொன்னீங்கல்ல" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முதலில் நேரத்தைக் கேளுங்கள், தேதியை அல்ல. "அங்க எத்தனை மணிக்கு இருக்கணும் தம்பி?" பதினோரு மணிக்குத்தான் என்றால், உங்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு அவர் திரும்பி ஏற நேரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். சந்தேகமாக இருந்தால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேட்டுப்பாளையம் வரை அவர் உங்களை விட, அங்கிருந்து டாக்ஸியில் நீங்கள் போவது இன்னொரு வழி. மலைப்பாதைக்குத்தான் அவர் தேவை, கீழே யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

நேரம் ஒத்துவராவிட்டால் முதலில் ஒப்புக்கொண்டது யாருக்கு என்று பாருங்கள். அவர்களுக்கு என்றால் விட்டுக்கொடுங்கள். அவர் முதலில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர் என்பது உங்களுக்கும் நல்ல செய்திதான். உங்களுக்குத்தான் முதலில் என்றால், அதை அமைதியாகச் சொல்லி, மாற்று ஆளை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கூடுதல் பணம் தருகிறேன் என்று ஏலம் கேட்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இன்று நீங்கள் ஐநூறு கூட்டிக் கொடுத்து இழுத்தால், நாளை இன்னொருவர் ஆயிரம் கூட்டுவார்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே டிரைவரை வைத்திருந்தால் அவர்களோடு நேரடியாகப் பேசிவிடுங்கள். எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, யார் எந்த நாள் என்று போட்டுக்கொண்டால் அவர் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கமாட்டார். அதே நாளில் இருவருக்கும் கோவையில் வேலை என்றால் ஒரே காரில் போய், டீசலையும் கூலியையும் பங்கிட்டுக்கொள்ளலாம்.

தூக்கமில்லாமல் அடுத்த டிரிப் வேண்டாம்

இது பற்றி எனக்கு விட்டுக்கொடுக்கிற எண்ணமே இல்லை. இரவு சபரிமலையிலிருந்து திரும்பியவரை விடியற்காலையில் உங்கள் காரில் உட்காரவைக்காதீர்கள். அவரே "பரவாயில்லீங்க, வந்துர்றேன்" என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லவேண்டியது நீங்கள். மலை இறக்கம் தூக்கக் கண்ணுக்கு ஒரு நொடிகூட இடம் தராது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று அளவு வைத்திருந்தது. அது போக்குவரத்து நிறுவனங்களுக்கான பழைய சட்டம் என்றாலும் வீட்டுக் காருக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தேதிக்கு முந்தின இரவு அவர் எங்கே இருப்பார் என்று கேட்பது உங்கள் உரிமை. கோவையில் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் அவர் வெயிலில் காருக்குள் உட்கார்ந்திருக்காமல் சாப்பிட்டுப் படுக்க வழி செய்துகொடுங்கள்.

நெஞ்சுவலி, பிரசவ வலி போன்ற அவசரத்துக்கு அவரை நம்பி இருக்காதீர்கள். 108தான். குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை, ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதல் உதவியை மேலேயே பெறுங்கள்.

இரண்டாவது ஆள்

ஒரே டிரைவரை நம்பியிருக்கும் வீட்டில் எல்லாத் தேதியும் சிவப்பாகிவிடும். அதனால் இரண்டாவது ஒருவரை முதலாமவரிடமே கேட்டு வாங்குங்கள். அவர் சொல்லும் ஆள் பெரும்பாலும் சித்தப்பா மகனாகவோ ஸ்டாண்டுக் கூட்டாளியாகவோ இருப்பார். நல்லதுதான், இருவரும் தங்களுக்குள் பேசி நாளை மாற்றிக்கொள்வார்கள்.

அவரை அவசர நாளில் முதன்முதலாக வண்டியில் ஏற்றாதீர்கள். ஒரு நீலத் தேதியில் மேட்டுப்பாளையம் வரை போய்வந்து பாருங்கள். ஏறுகிற கியரிலேயே இறங்குகிறாரா, அல்லது பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறாரா என்று கவனியுங்கள். பிரேக் சூடாகும் வாசனை வந்தால் அவர் வேண்டாம். மேலே ஏறிவரும் வண்டிக்கு நின்று வழிவிடுகிறாரா என்பதும் தெரியும். உங்களுடையது ஆட்டோமேட்டிக் கார் என்றால் கட்டாயம் கேளுங்கள். மேனுவலில் கைதேர்ந்தவர்கள் பலர் ஆட்டோமேட்டிக்கை டிரைவ் நிலையிலேயே விட்டு இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்புவார்கள். கியரைக் கைமுறைக்கு மாற்றி இரண்டாவதில் பிடிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

காகித வேலை

உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று டிஜிலாக்கரில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் காப்பீட்டில் கூலி டிரைவருக்கான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று முகவரைக் கேளுங்கள். சிறு தொகைதான் கூடும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளை போர்டு காரில் விருந்தினரைக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காது. அதற்கு மஞ்சள் போர்டு டாக்ஸிதான்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. 2025 சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று சென்னை உயர் நீதிமன்றம் அளவும் வைத்தது. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டிகளுக்கு இது தேவையில்லை. குடிவந்தும் பழைய ஊர் எண்ணோடே கார் வைத்திருப்பவர்கள் உள்ளூர்வாசிக்கான பாஸை எடுத்து, நகலைக் காரிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் காலை டிரிப் முடித்துத் திரும்பும் டிரைவர் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார், அவருடைய மதிய சவாரி போய்விடும்.

ஒத்துவராவிட்டால்

சொல்லாமல் வராமலிருப்பது ஒரு முறை நடந்தால் காரணம் கேளுங்கள். தொடர்ந்தால் ஆளை மாற்றுங்கள், ஆனால் சீசன் நடுவில் அல்ல. ஜூனிலோ ஜனவரி இறுதியிலோ. சாவியை வாங்கிக்கொண்டு, பாக்கியை அன்றே தீர்த்துவிடுங்கள். ஸ்டாண்டில் அடுத்த ஆளைக் கேட்கப் போகும்போது அவர்கள் முதலில் விசாரிப்பது உங்கள் காரைப் பற்றி அல்ல, போன டிரைவருக்குக் கணக்கு முடித்தீர்களா என்பதைத்தான்.